ஓதும் முறை எல்லார்க்கும் உரியது
கோல லங்காட் வட்டாரத்துச் சிற்றூர் ஆலயங்களை நடத்துவோர்க்கு ஒரு திறந்த மடல்

தெலுக் பங்லிமா காராங்கிலும், அதனைச் சூழ்ந்த ஜெஞ்சாரோம், பந்திங், கேரித்தீவு ஆகிய இடங்களிலும் ஆலயப் பணி புரியும் தலைவர்களுக்கும், செயலாளர்களுக்கும், உபயகாரர்களுக்கும், சமய வகுப்பு நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கும்,

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், பால்மரம் போய்ச் செம்பனை வந்தும், சில இடங்களில் செம்பனையும் போய்த் தொழிற்பேட்டைகளும் தாமான்களும் எழுந்தும், நம் முன்னோர் லயன் வீடுகளுக்கு அருகே எழுப்பிய மாரியம்மன் சந்நிதிகளும் முனீஸ்வரன் மேடைகளும் நிலைபெயர்ந்து நிற்கின்ற இக்காலத்தில், அவற்றைக் காக்கும் பொறுப்பைப் பிரதிபலன் கருதாது ஏற்றுக்கொண்டு, வேலை முடிந்து வந்த களைப்போடே நிர்வாகக் கூட்டத்தில் அமர்ந்து, நிலப் பத்திரத்துக்கும் மின்கட்டணத்துக்கும் திருவிழாவுக்கும் வழி தேடுகின்ற உங்கள்பால் எனக்குள்ள மதிப்பை முதற்கண் தெரிவித்துக்கொண்டு, ஒரு விண்ணப்பத்தை உங்கள்முன் வைக்கிறேன்.

நம்முடைய கூட்டங்களில் ஆண்டுதோறும் எழும் முறையீடு ஒன்று உண்டு. இந்தியாவிலிருந்து குருக்களை வரவழைக்க அனுமதி கிடைப்பது தாமதமாகிறது, ஓதுவார் கிடைப்பதேயில்லை, கிள்ளானிலிருந்தோ பிரிக்பீல்ட்ஸிலிருந்தோ வந்து பாடம் சொல்லித்தர இசைந்த ஆசிரியர் சில வாரங்களில் நின்றுவிடுகிறார், நன்கொடையாக வந்த தேவாரப் புத்தகங்கள் உறைகூடப் பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடக்கின்றன. இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, இளைஞரிடம் பக்தி குன்றிவிட்டது என்று முடிப்பது நமக்கு வழக்கமாகிவிட்டது. அந்த முடிவை என்னால் ஒப்ப இயலவில்லை. ஆடி மாதத்துக் கூழ் வார்ப்புக்கும், தீமிதிக்கும், தைப்பூசக் காவடிக்கும் திரண்டு வருகின்ற பிள்ளைகளைப் பார்த்து, பக்தி இல்லாதவர்கள் என்று எந்த நெஞ்சோடு சொல்வது? அவர்களுக்குச் சந்நிதியிலே ஆள் என்ற முறையில் ஒரு வேலை இல்லை என்பதே என் துணிபு. மணி அடிக்கையில் கைகூப்புவதும், விபூதி வாங்குவதும், பிரசாதத்துக்கு வரிசையில் நிற்பதும் தவிர, தான் இல்லாவிட்டால் இன்றைய வழிபாடு குறைபட்டுவிடும் என்று ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுமி எண்ணுவதற்கு நாம் இடம் வைக்கவில்லை.

இதைச் சிந்தித்துக்கொண்டிருந்த காலத்திலேதான், மலையாள நாட்டுச் சிற்றூர்களில் வாழ்ந்த யூத சமூகத்தாருடைய வழிபாட்டையும் கல்வியையும் பற்றிக் கற்கும் வாய்ப்பு எனக்கு வாய்த்தது. யூதர் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் மேற்காசியாவின் போரும் துயரமும் நினைவுக்கு வருகின்ற காலம் இது என்பதை நான் அறிவேன். அந்தத் துயரத்தைச் சிறிதாக்கும் கருத்து எனக்குக் கனவிலும் இல்லை. நான் சொல்லப்போவது அரசியலுக்கு நெடுங்காலம் முற்பட்டதும், நம் சேர நாட்டு மண்ணிலேயே நிகழ்ந்ததுமான வேறொரு கதை.

ஏறத்தாழக் கி.பி. 1000-இல், பாஸ்கர ரவிவர்மன் என்னும் சேர மன்னன், முயிரிக்கோட்டிலிருந்து ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவனுக்கு அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவையும் அதனோடு சேர்ந்த சிறப்புரிமைகளையும் செப்பேட்டில் வரைந்து கொடுத்தான். அவ்வேடுகள் வட்டெழுத்தில் அமைந்தவை. அவற்றின் மொழியோ, பகல்விளக்கு, பாவாடை, குடை, தோரணம் என்று நம் கோயில் திருவிழாவில் இன்றும் வழங்குகின்ற சொற்களை நாமே படித்துணரும் அளவுக்குத் தமிழுக்கு அணுக்கமானது. பிற்காலத்தில் கொச்சி அரசர் அச்சமூகத்தின் தலைவருக்கு வழங்கிய பட்டமும் முதலியார் என்பதே. செந்தமங்கலத்து ஜெபாலயத்தின் முன்னே நிற்கும் சாராள் என்னும் பெண்ணின் கல்லறைக் கல், எபிரேய எழுத்தில் 1269-ஆம் ஆண்டைக் காட்டுகிறது. மட்டாஞ்சேரியில் மூன்று, எறணாகுளத்தில் இரண்டு, பறவூர், செந்தமங்கலம், மாளை ஆகிய சிற்றூர்களில் ஒவ்வொன்று என எட்டுச் சபைகளாக அவர்கள் வாழ்ந்தனர். அவர்கள் மிகப் பெருகியிருந்த காலத்திலும், அதாவது 1940-களில், எல்லாச் சபைகளையும் சேர்த்து எண்ணினால் ஏறக்குறைய 2,400 பேரே இருந்தனர். நம் வட்டாரத்துத் திருவிழா ஒன்றின் இரவுக் கூட்டம் அதனினும் பெரிது.

மட்டாஞ்சேரியில் 1568-இல் எழுந்த பரதேசி ஜெபாலயத்தையும், அதன் தரையில் பதித்த சீனத்து நீலவோடுகளையும், மணிக்கூண்டையும் உலகத்தார் பலரும் அறிவர். 1968-இல் அதன் நானூறாம் ஆண்டு விழாவுக்கு இந்திராகாந்தி அம்மையாரே வந்திருந்தார். என் உள்ளத்தை ஈர்த்தவையோ பறவூரும் செந்தமங்கலமும். தெருவிலிருந்து வாயில்வீடு, வாயில்வீட்டைக் கடந்தால் முற்றம், முற்றத்தைக் கடந்தால் வெள்ளையடித்த சுவர்களோடு உயர்ந்து நிற்கும் தொழுகைக்கூடம் என்று, சந்நிதியை அடையுமுன் மனம் அடங்குவதற்கு வேண்டிய தூரத்தை வைத்துக் கட்டிய அழகு நம் கோயிற் சிற்பிகளுக்கு அந்நியமன்று. தாமரை செதுக்கிய மரவிதானமும், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே புகும் வழக்கமும் அவ்வண்ணமே. ஆயினும் நான் உங்களிடம் சொல்ல விரும்புவது மாடியைப் பற்றி.

யூதரின் தொழுகைக்கூடத்தில், தோரா என்னும் வேதச்சுருளை வைத்து வாசிப்பதற்கு ஒரு மேடை நடுவிலே இருப்பது பரவலாக உள்ள மரபு. மலையாள நாட்டிலோ, கீழே ஒன்றும் மாடியிலே ஒன்றுமாக இரண்டு மேடைகள் அமைத்தனர். நாள்வழிபாடு கீழ்மேடையிலும், ஓய்வு நாளாகிய சனிக்கிழமையிலும் பண்டிகை நாள்களிலும் தோரா வாசகம் மாடி மேடையிலும் நடைபெற்றது. மாடி மேடைக்கு நேர் பின்னே, மரச்சட்டத் தடுப்புக்கு அப்பால், பெண்கள் அமர்ந்திருந்தனர். ஆகவே ஆண்டின் மிக முக்கியமான வாசகங்களைக் கூடத்திலுள்ள ஆடவரைக் காட்டிலும் அருகிலிருந்து கேட்டவர்கள் பெண்களே. அதற்கும் பின்னே, செந்தமங்கலத்தில், ஓர் அறை உண்டு: அதுவே குழந்தைகளின் பாடசாலை. வேதம் வாசிக்கும் இடத்துக்கும் வேதம் கற்பிக்கும் இடத்துக்கும் இடையே தாய்மாரும் பாட்டிமாரும் அமர்ந்திருக்குமாறு ஒரு கட்டடத்தை வகுத்த அந்தப் பெயரறியா மூத்தாரை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

அவ்வறையிலே கற்ற பிள்ளைகளின் வீட்டுமொழி மலையாளம். வேதமொழியாகிய எபிரேயம் அவர்களுக்குச் சந்தையிலும் பயன்படாது, அடுக்களையிலும் பயன்படாது. அதிலும், வாசகத்துக்குரிய தோராச்சுருள் தோலில் கையால் எழுதப்பட்டது. மெய்யெழுத்துகள் மட்டுமே அதில் உண்டு, உயிரொலியைக் காட்டும் குறிகளும் இல்லை, இசையைக் காட்டும் குறிகளும் இல்லை. வாசிப்பவன் அந்த வாரத்துப் பகுதியை, குறிகளுள்ள வேறொரு புத்தகத்தைக் கொண்டு முன்பே பயின்று, ஒவ்வொரு சொல்லின் ஒலியையும் ஏற்ற இறக்கத்தையும் மனத்திலே நிறுத்திக்கொண்டு வந்தாலன்றி ஒரு வரியும் நகராது. சுருளை விரலால் தொடலாகாது. நுனியில் சிறு கை செதுக்கிய வெள்ளிக்கோலால் வரியைக் காட்டிக்கொண்டே செல்ல வேண்டும். பொருள் திரியும்படி ஒரு சொல் பிழைத்தால், கேட்டுக்கொண்டிருப்போர் அவ்விடத்திலேயே திருத்துவர். திருத்தப்பட்டவன் நாணாமல் மீண்டும் அச்சொல்லைச் சரியாகச் சொல்லிவிட்டு மேலே செல்வான். கேட்போர் எல்லாரும் கற்றவராக இருந்தாலல்லவா இப்படித் திருத்த முடியும்! ஓய்வுநாட் காலையில் ஏழு பேர் முறையே வாசகத்துக்கு அழைக்கப்படுவர். சிறிய சபையில் ஏழு பேர் என்பது ஏறத்தாழ எல்லாக் குடும்பத்துக்கும் முறை வரும் என்பதே. நூல் முழுவதும் 54 பகுதிகளாக வகுக்கப்பட்டு ஓராண்டில் ஓதி முடிக்கப்படுகிறது. முடிக்கும் அதே நாளில், கடைசி வாசகத்தை அடுத்து முதல் வாசகத்தையும் தொடங்கிவிடுவார்கள்.

இவ்வளவையும் நடத்திய அச்சபைகளுக்கு, குருபட்டம் பெற்ற ரபி என்பவர் மரபாக இருந்ததில்லை என்பதே நாம் கருத்தூன்ற வேண்டிய செய்தி. கற்றறிந்த மூத்தாரும், தொழுகையை முன்னின்று பாடும் இசைவாணரும், பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவரும் அவ்வூர்க் குடும்பத்தாரே. வாணிபமும் வேறு தொழிலும் செய்துகொண்டே அப்பணிகளையும் செய்தவர்கள். வெளிநாட்டிலிருந்து அறிஞர் வந்தால் வரவேற்றார்கள். வராவிட்டால் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருக்கவில்லை. தங்கள் வழக்கத்துக்குரிய தொழுகைப் பாடல்களைத் தொலைவிலுள்ள ஆம்ஸ்டர்டாம் நகரத்துக்கு அனுப்பிப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அச்சிட்டுப் பெற்ற சிரத்தையை எண்ணிப் பாருங்கள். நம் பிள்ளைகளுக்கோ வேதமும் தாய்மொழியிலேயே இருக்கிறது, புத்தகமும் அலமாரியிலேயே இருக்கிறது.

பெண்களின் கல்வி தனியே சொல்லத்தக்கது. தொழுகையின் எபிரேயத்தையும் அவர்கள் கற்றிருந்தனர். அதற்கு மேலே, வேதக் கதைகளையும், திருமணச் சடங்குகளையும், தங்கள் ஜெபாலயம் எழுந்த வரலாற்றையும் மலையாளப் பாட்டுகளாகப் பாடி, அவற்றைக் கையெழுத்துப் புத்தகங்களில் எழுதி வைத்து, தாய் மகளுக்கும் மகள் பேத்திக்கும் கொடுத்துவந்தனர். ஆடவரும் கூடியிருக்கும் விழாக்களில் பெண்கள் வெளிப்படையாகப் பாடினர்; வேறு நாட்டு யூதருள் பல இடங்களில் இதற்கு அனுமதியில்லை. 1950-களின் முற்பாதியில் அச்சமூகத்தாரில் மிகப் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது அந்தப் புத்தகங்களும் பெட்டிகளோடு கடல் கடந்தன. பின்னாளில் பி.எம். ஜுஸ்ஸே, ஸ்கரியா சக்கரியா, பார்பரா ஜான்சன் முதலிய அறிஞர்கள் அவற்றைத் தேடித் திரட்டினர். 2005-இல் ‘கார்குழலி’ என்ற பெயரில் ஒரு தொகுப்பே ஜெருசலேமில் வெளியாயிற்று. 1912-இல் பிறந்து, 1951-இல் இஸ்ரேலுக்குச் சென்ற ரூபி தானியேல் அம்மையார், தாம் இளமையில் கேட்ட பாட்டுகளை முதிய வயதில் நினைவுகூர்ந்து மொழிபெயர்த்ததோடு, தம் வாழ்க்கை வரலாற்றையும் 1995-இல் நூலாக்கித் தந்தார். நம் தோட்டத்துப் பாட்டிமார் கரகத்துக்கும் கும்மிக்கும் பாடிய பாட்டுகளில் எத்தனை இன்று ஒரு நோட்டுப் புத்தகத்திலாவது இருக்கின்றன? கேட்டு எழுதக்கூடிய காலம் இன்னும் சற்றே மிஞ்சியிருக்கிறது.

அச்சமூகத்தை நான் குறையற்றதாகக் காட்ட விரும்பவில்லை. பரதேசி ஜெபாலயத்திலே, அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கப்பட்டோரின் வழிவந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட சில குடும்பத்தார், கூடத்தின் இருக்கைகளில் அமரவும் தோரா வாசகத்துக்கு அழைக்கப்படவும் உரிமையின்றி நெடுங்காலம் தடுக்கப்பட்டிருந்தனர். ரூபி தானியேல் அவ்வகுப்பிலே பிறந்தவரே. ஆபிரகாம் பராக் சேலம் என்பவரும் அவ்வகுப்பினர். 1882-இல் பிறந்து, சென்னையிலே சட்டம் பயின்று வழக்கறிஞரானவர். கொச்சிச் சட்டசபையில் அமர்ந்தவர். 1929-இல் லாகூர்க் காங்கிரசுக்கும் சென்றுவந்தவர். சட்டசபையில் பேசத் தகுதி பெற்ற அவருக்குத் தம் ஊர்த் தொழுகைக்கூடத்தில் சமமாக அமரத் தகுதியில்லை என்று சொன்னபோது, அவர் வெறுத்து வேற்றுச் சமயம் புகவில்லை. காந்தியடிகளின் சத்தியாக்கிரக வழியைக் கைக்கொண்டு அந்தக் கூடத்திலேயே நின்று போராடினார். தடைகள் மெல்ல மெல்லத் தளர்ந்தன. 1939 ஜூலையில் வைத்தியநாதையர் ஒடுக்கப்பட்டோரை மீனாட்சி சந்நிதிக்குள் அழைத்துச் சென்ற நம் மதுரையின் கதையும் இதே காலத்தது. ஓதும் உரிமையைச் சிலருக்கு மறுக்கும் சபை, தானே சிறிதாகிக்கொண்டு போகிறது என்பதை நான் இதிலிருந்து கற்றேன்; நம் ஆலயங்களில் யாருடைய பிள்ளை மேடையேறிப் பாடலாம், யாருடைய பிள்ளை கீழே நின்று கேட்கலாம் என்பதைக் குடும்பப் பெருமையும் நன்கொடைத் தொகையும் தீர்மானிக்கும் வழக்கம் எங்கேனும் இருக்குமானால், அதனை இன்றே விட்டுவிடுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

நம் நாட்டிலேயும் யூதரோடு தொடர்புடைய ஓர் இடம் உண்டு. பினாங்கில், இன்று ஜாலான் ஜைனல் அபிடின் என்றும் முன்பு யூதர் பெயராலும் வழங்கிய சாலையில், 1805-இல் தோன்றிய யூதர் இடுகாடு இன்னும் இருக்கிறது. நம் நாகூரின் பெயரைத் தாங்கிய நகோர் சாலையில், 1929-இல் பினாங்கு யூதர் ஒரு ஜெபாலயத்தைத் திறந்தனர். பெரும்பாலும் பாக்தாதிலிருந்து வாணிபத்தின் பொருட்டு வந்தவர்கள். வயது வந்த ஆடவர் பத்துப் பேராவது கூடினாலன்றி அவர்களுடைய பொதுத் தொழுகை முழுமை பெறாது. யுத்தத்துக்குப் பின் ஒவ்வொரு குடும்பமாக வேறு நாடுகளுக்குப் போய்விட, அந்தப் பத்துப் பேரைக் கூட்ட இயலாமல் 1976-இல் கதவு மூடப்பட்டது. பறவூரும் செந்தமங்கலமும் மாளையும் அவ்வாறே ஆள் இல்லாமல் ஓய்ந்தன. மாளைச் சபையார் 1955-இல் புறப்படும்போது தங்கள் ஜெபாலயத்தை ஊர்ப் பஞ்சாயத்திடமே ஒப்படைத்துச் சென்றனர். ஆனால் அவ்வூர்களின் இசையும் வழக்கமும் இஸ்ரேலில் நெவாத்திம் போன்ற குடியேற்றங்களில் தொடர்ந்து ஓதப்பட்டன, காரணம் அவை ஒரு குருவின் தொண்டையில் தங்காமல் குடும்பத்துக்குக் குடும்பம் தங்கியிருந்தன. கட்டடம் கைமாறலாம் என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? தோட்டம் விற்கப்பட்டு, கோயிலுக்கு வேறு நிலம் கேட்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்கள் உங்களுள் பலர்.

ஆகவே என் விண்ணப்பம் இது. வெள்ளிக்கிழமை மாலைப் பூசையிலேயே, தீபாராதனைக்கு முன்னர், வாசகத்துக்கென்று ஒரு நேரத்தை ஒதுக்குங்கள். சமய வகுப்பை ஞாயிறு காலையில் யாரும் பார்க்காத பின்னறையில் மட்டும் வைத்துக்கொள்ளாமல், அவ்வகுப்பில் கற்றதைச் சந்நிதியில் ஓதுமாறு செய்யுங்கள். நூல் எது என்பதை உங்கள் ஆலய மரபு தீர்மானிக்கட்டும். திருவாசகத்தை எடுத்துக்கொண்டால் கணக்கு வியக்கத்தக்கவாறு பொருந்துகிறது: அதில் 51 பகுதிகள், ஆண்டில் 52 வாரங்கள். கார்த்திகை மாதத்து முதல் வெள்ளியில் சிவபுராணத்தோடு தொடங்கினால், ஏழாவது வாரம் மார்கழியிலே திருவெம்பாவை தானாக வந்து சேரும். ஐந்தாவது வாரத்துக்குரிய திருச்சதகம் நூறு பாடல்கள் கொண்டது. அதனைப் பத்துக் குடும்பங்களுக்குப் பத்துப் பத்தாகப் பங்கிட்டுக் கொடுங்கள்.

யார் ஓதுவது என்பதற்கு ஒரு பெயர்ப்பட்டியல் தயாரித்து, அறிவிப்புப் பலகையில் மூன்று வாரத்துக்கு முன்பே ஒட்டுங்கள். தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவருக்கும், லாரி ஓட்டுநருக்கும், செம்பனை வெட்டுபவருக்கும், வீட்டிலிருக்கும் மூதாட்டிக்கும், படிவம் மூன்றில் படிக்கும் மகளுக்கும் அப்பட்டியலில் முறை வரட்டும். தமிழ்ப்பள்ளிக்குச் செல்லாத பிள்ளைகள் எழுத்தறியாமல் நாணுவார்கள் என்று சிலர் கவலைப்படுவர். அவர்களுக்கு முதலில் நான்கு வரி கொடுங்கள், ஒரு பெரியவர் பக்கத்தில் அமர்ந்து பயிற்றட்டும், எழுத்தை அந்த நான்கு வரியிலிருந்தே கற்கட்டும். மலையாளம் பேசிய பிள்ளைகள் எபிரேய எழுத்தை அந்த மாடியறையில் கற்றதும் ஓத வேண்டிய வரியின் பொருட்டே. பிழை நேர்ந்தால் கேட்போர் அன்போடு திருத்தட்டும். ஒலிபெருக்கியில் பிழை கேட்டுவிடுமே என்று அஞ்சினால் அந்த நேரத்துக்கு ஒலிபெருக்கியை நிறுத்திவிடுங்கள். குருக்கள் இருக்கும் ஆலயங்களில் அவரை இதற்குத் தலைமை தாங்கச் சொல்லுங்கள். இல்லாத ஆலயங்களில் அது ஒரு தடையாக வேண்டியதில்லை.

ஐம்பத்தோராவது வாரம் அச்சோப்பதிகம் வரும். மீந்துள்ள ஒரு வெள்ளியை விடுபட்ட பெயர்களுக்கு வைத்துக்கொண்டு, அன்றிரவே அடுத்த ஆண்டுப் பட்டியலையும் எழுதி ஒட்டிவிடலாம். இவ்வாண்டுப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதனை ஒரு பொருளாகச் சேர்த்து, சாதகமாயினும் பாதகமாயினும் விவாதித்து முடிவு செய்யுமாறு வேண்டுகிறேன்; பட்டியலில் எந்த வாரத்தை எனக்குக் கொடுத்தாலும் முன்கூட்டியே பயின்றுகொண்டு வந்து நிற்பேன்.

இங்ஙனம்,
உங்கள் ஆலயத்தொண்டர்களுள் ஒருவன்,
தெலுக் பங்லிமா காராங்.